என் தொண்டையும் ராத்தாவின் கல்யாணமும்

அரிசி ஆலை இரண்டு. ஒன்று கல்முனையில், மற்றது வரிப்பத்தான்சேனையில், வயலுக்குப் பக்கத்திலேயே. செங்கல் சூளை ஒன்று. ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு ஓடும் குளிர் லொறிகள். பெண்மக்கள் நால்வருக்கும் ஆளுக்கொரு மாடி வீடு. கடல் எடுத்துக்கொண்டு போன என் சொந்த வீட்டை, நின்ற இடத்திலிருந்து உள்ளே தள்ளி, முன்னதைவிடப் பெரிதாக மறுபடி கட்டினேன். பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி வுளூச் செய்யும் தண்ணீர்த் தொட்டிக்கு மாபிள் பதித்ததும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தான். லொறி வாங்கப் போனபோது, உனக்கு உன் பெயரையே இங்கிலீசில் எழுதத் தெரியாதே என்று சிரித்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய மகன் இன்றைக்கு என்னுடைய லொறியில் கணக்குப்பிள்ளை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரை மணலில் வந்து குந்தும் என் கூட்டாளிமாருக்குத் தெரியாதது ஏதும் என்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே நாம் கதைப்பது என்ன? ஒருவர் தன் சீனி வருத்தத்தைப் பற்றிக் கதைப்பார். ஒருவர் நெஞ்சைத் திறந்து செய்த ஒப்பரேசனைப் பற்றி, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டியே கதைப்பார். ஒருவருக்கு முழங்கால். நான் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் நினைப்பது தெரியும். வருத்தத்தில்கூட உங்கள் எல்லோரையும் முந்தியவன் நான். மீசை முளைக்குமுன்னே எனக்குக் கசம் வந்தது. அதுவும் எல்லோருக்கும் வருகிற மாதிரி நெஞ்சில் இல்லை. தொண்டையில். டொன்சிலில்.

காசநோய் என்று இப்போது சுவரொட்டியில் போடுகிறார்கள். அப்போது கசம். அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டில் கசம் என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள் தெரு முனையிலேயே திரும்பிப் போவார்கள். அப்படிப்பட்ட ஒன்று என் தொண்டைக்குள் வந்து குடியேறிய காலம்தான் என் சிறு வயதிலேயே மிகவும் சந்தோசமான காலம் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். பொல்லடி உங்களுக்கு நினைவிருக்கும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் இரண்டு கையிலும் கம்பு பிடித்து, வட்டமாகச் சுற்றிச் சுற்றி, குனிந்தும் நிமிர்ந்தும் அடித்துக்கொண்டு போவார்கள். கம்பின் நுனியில் சின்னச் சலங்கை கட்டியிருக்கும். நடுவில் நின்று ஒருவன் பாட்டை எடுத்துக் கொடுக்கவேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்துப் பொல்லடியில் அந்த ஒருவன் நான். வளர்ந்த ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் தொடங்காமல் ஒரு கம்பும் அசையாது. எங்களைப் பழக்கிய அண்ணாவியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இவன் பாடினால் காரைதீவில் படுத்திருக்கிறவன் எழும்புவான் என்று சொல்வார். மிகைப்படுத்திச் சொல்கிற மனிதர் இல்லை அவர்.

வாப்பாவுக்குச் சந்தையில் சாரன் கடை. மருதமுனைத் தறிகளில் நெய்த சாரன்களைக் கட்டுக்கட்டாக எடுத்து வந்து விற்பார். வீடு முழுவதும் புதுத் துணியின் கஞ்சி வாசம் அடிக்கும். உம்மா, வாப்பா, எனக்கு மூத்தவள் ராத்தா, நான், இவ்வளவுதான் வீடு. அந்த வருசம் பெரும்போக நெல் வெட்டின கையோடு ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். ஊரின் மேற்குப் புறத்தில், வயல் தொடங்கும் இடத்தில் மாப்பிள்ளை வீடு. வீட்டுக்குப் பின்னால் எருமைப் பட்டி. மாப்பிள்ளையின் உம்மாதான் அங்கே எல்லாம். புருசன் மௌத்தான பிறகு வயலையும் பட்டியையும் தனியாகப் பார்த்த மனுசி. நான் மாமி என்று கூப்பிடுவேன். அவருக்கு முன்னால் வாப்பாகூடக் குரலைத் தணித்துக்கொண்டுதான் கதைப்பார். சிறுபோகம் வெட்டினதும் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

அந்த மாமிக்கு என் குரல் என்றால் உயிர். தன் மகனின் ஊர்வலத்துக்கு நான்தான் பாடவேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். அண்ணாவியார் அங்கே இருந்தார். குரலுக்கு எருமைப் பால்தான் நல்லது, கறந்த சூட்டோடு, நுரை அடங்குமுன், காய்ச்சாமல் குடிக்கவேண்டும் என்று அவர் ஒரு சொல் போட்டார். மாமி உடனே ஏற்றுக்கொண்டார். நம் பட்டிப் பால் இருக்க மருமகளின் தம்பி வேறு பால் குடிப்பதா? அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடிய வெள்ளெனவே ஒரு போத்தல் பால் எங்கள் வாசலுக்கு வந்தது.

கொண்டு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? மாப்பிள்ளையேதான். என் மச்சான். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்பது சட்டம். ஆனால் என் தொண்டைக்குப் பால் கொண்டு வருகிறவரை யார் தடுப்பது? சைக்கிள் மணி அடிக்கும். மச்சான் கடப்படியில் ஒரு காலை ஊன்றி நிற்பார், உள்ளே வரமாட்டார். போத்தலைச் சுற்றி ஈரச் சாக்கு. மூடியைத் திறந்தால் புல்லும் புகையும் மாட்டுச் சூடும் கலந்த ஒரு வாசம் வரும். நான் மூக்குப் பேணியை நீட்டுவேன். நுரை என் மூக்கு நுனிவரை ஏறும். அந்த நேரம் பார்த்து ராத்தாவுக்கு முற்றத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். கோழிக்குத் தவிடு வைப்பாள். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டுவாள்.

பாலை நான் குடித்து முடித்துப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும்தான் மச்சானுக்கு அங்கே நிற்க நியாயம். அது எனக்கு இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. ஆகவே மெதுவாகக் குடிக்கத் தொடங்கினேன். ஒரு மிடறு, பிறகு வானத்தைப் பார்ப்பது, பிறகு ஒரு மிடறு. மச்சானும் விளங்கிக்கொண்டார். மெதுவாகக் குடித்த நாளில் சைக்கிளில் சந்தி வரை ஒரு சுற்று. மிகவும் மெதுவாகக் குடித்த நாளில் கண்ணாடிக் குண்டுகள், உள்ளே நீலச் சுருள் ஓடுகிறவை. அந்தக் குண்டுகளை எல்லாம் பிறகு எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை. காய்ச்சுவதற்கென்று உம்மா போத்தலை உள்ளே வாங்கியிருந்தால் மச்சான் அப்போதே திரும்பிப் போயிருக்கவேண்டும். பாலைக் காய்ச்சாமலே குடிக்க அண்ணாவியார் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் நல்ல வசதியாகப் போய்விட்டது. வீட்டில் மற்றவர்களுக்கு அந்தப் பாலில் பங்கில்லை. அவர்கள் கடைப் பாலைக் காய்ச்சித் தேத்தண்ணி குடித்தார்கள்.

சைக்கிளின் முன் தண்டில் சில நாள் மச்சானின் தங்கை இருப்பாள். என்னைவிட ஒரு வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது. முக்காட்டுத் துணியைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பாள். நான் மெதுவாகக் குடிப்பதைப் பொறுக்கமாட்டாள்.

"கொக்கு தண்ணி குடிக்கிற மாதிரி குடிக்கிறான். நான் எண்டா ஒரே இழுவ. பட்டிக்குப் போய்ப் பாரு, கறக்கக் கறக்கக் குடிப்பன்."

"அதான் ஒனக்குக் குரல் காகம் மாதிரி," என்பேன். மச்சான் இரண்டு பேரையும் சண்டை பிடிக்க விட்டுவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒரு நாள் சோறு இறங்கவில்லை. முதலில் நான் பெரிதாக எடுக்கவில்லை. மீன் முள் கீறியிருக்கும் என்று சோற்றுருண்டையை அமுக்கி விழுங்கினேன். சில கிழமைகளில் பால் தவிர எதை விழுங்கினாலும் நோவு. என் குரலும் மாறியது. சுடச்சுட மரவள்ளிக் கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு கதைக்கிறவன் மாதிரி ஆனது. பொல்லடிப் பழக்கத்தில் நான் எடுத்துக் கொடுத்த அடி யாருக்கும் விளங்காமல் கம்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். வாப்பாவுக்கு ஐஸ்பழம். அதை விற்கிறவன் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது என்று கட்டளை போட்டார். உம்மாவுக்குக் கண்ணூறு. அத்தனை கல்யாண வீட்டில் அத்தனை பெண்கள் என் வாயைப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டு, லெப்பையிடம் தண்ணீர் ஓதி எடுத்து வந்தார். பரியாரியார் மிளகும் ஏதோ வேரும் அரைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டார். அது காய்ந்து உரியும்போது தோலும் சேர்ந்து வந்தது. அண்ணாவியாருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பால் போதவில்லை என்றார். மச்சான் அன்றிலிருந்து இரண்டு போத்தல் கொண்டு வந்தார். அத்தனை பேரும் என் மீது வைத்த அன்பில் ஒரு குறையும் இல்லை. இப்போது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. நோயைக் கொண்டு வந்ததையே மருந்தென்று இரட்டிப்பாக ஊற்றினார்கள்.

ராத்தாதான் கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தவள் கை கழுத்தோரம் இறங்கி நின்றது. காதுக்குக் கீழே, தாடையோரம், நாவல் விதை அளவில் மூன்று நான்கு கட்டி. அமுக்கினால் நோவில்லை. மறுபக்கமும் தடவிப் பார்த்தாள். எண்ணெய்க் கையோடு எழும்பிப் போய், இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று வாப்பாவிடம் சொன்னாள். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

எங்கள் ஊர் மருந்துச்சாலை அப்போதிக்கரி ஐயா கரண்டிக் காம்பால் என் நாக்கை அமுக்கி, ரோச் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். எனக்கு அது பெருநாள். பஸ்ஸில் யன்னல் ஓரம், கல்லடிப் பாலத்தில் சக்கரம் உருளும் சத்தம், இரண்டு பக்கமும் வாவி. வாப்பா வழி முழுவதும் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வந்தார். நான் கண்ட எருமைகளை எல்லாம் அவருக்குக் காட்டிக்கொண்டு போனேன்.

டொன்சில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். முகத்தில் துணியைப் போட்டு மருந்தை ஊற்றும்போது பழுத்த அன்னாசி மாதிரி ஒரு வாசம் வந்தது. எழும்பியபோது தொண்டைக்குள் யாரோ தேங்காய் திருவியது போல இருந்தது. ஆனால் தாதி மிஸ்ஸி ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் கட்டி கொண்டு வந்து வைத்தார், உறிஞ்சு என்றார். ஐஸ்பழத்துக்கு ஊரில் தடை, இங்கே ஐஸ் மருந்து. வாப்பா பார்த்துக்கொண்டு நிற்க நான் அத்தனையையும் உறிஞ்சினேன். அந்த வாட்டில் நான்தான் ராசா. கதைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் கையால் தாளம் போட்டே பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்கவைத்தேன்.

எடுத்த துண்டைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வந்த அன்று பெரிய டாக்குத்தர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். நெஞ்சைப் படம் பிடித்ததில் ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் யாராவது நாட்பட இருமுகிறார்களா என்று வாப்பாவைக் கேட்டார். யாரும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பால் குடிக்கிறனீரோ?"

எனக்குப் பெருமை பொங்கியது. குடிப்பேன், எருமைப் பால், கறந்த சூட்டோடு, நாளுக்கு இரண்டு போத்தல், குரலுக்கு என்று தொண்டை நோவோடு சொல்லி முடித்தேன்.

"காய்ச்சாமலோ?"

"காய்ச்சினா நுரை போயிருமே ஐயா."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, வாப்பாவுக்கு நிதானமாக விளக்கினார். மாட்டுக்கும் கசம் வரும். பாலில் இறங்கும். காய்ச்சாமல் குடித்தால் முதலில் தொண்டையைத்தான் பிடிக்கும், பிறகு கழுத்து நெறியை. ஊசியும் குளிசையும் ஒரு வருசத்துக்குக் குறையாமல் எடுத்தால் முழுதாக மாறிவிடும். கூட இருக்கிறவர்களுக்கு இவனால் தொற்றும் என்று பயப்பட வேண்டாம். அந்தப் பாலை வேறு யாரும் குடிக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார்.

வாப்பா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வாழைப்பழம் வாங்கித் தந்தார். அதை உரித்துக் கொடுத்துக்கொண்டே காதோடு சொன்னார்: "மனெ, அந்தச் சொல்ல மட்டும் ஊருக்குள்ள எடுத்துராத. ராத்தாட வாழ்க்க."

அந்தப் பயத்தை என் பேரப்பிள்ளைகளுக்கு நான் விளக்கித்தான் ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டில் வந்து வாழ்வார். கசம் உள்ள வீட்டுக்கு எந்த உம்மா தன் மகனை அனுப்புவாள்? அதுவும் அந்த மாமி. இன்னொன்றும் இருந்தது. நோய் வந்தது உங்கள் பட்டிப் பாலால் என்று சம்மந்தி வீட்டில் போய் யார் சொல்வது? சொன்னால் அவமானம், சொல்லாவிட்டால் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதையே குடிப்பார்கள். டாக்குத்தர் கடைசியாகச் சொன்னதை வாப்பா உம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் மருதமுனையில் சாச்சா வீட்டில் தறி பழகுகிறேன் என்றே ஊரில் சொல்லியிருந்தார்கள். தொண்டைக்கு என்ன என்று கேட்டால், கத்திப் பாடியதில் புண், ஓய்வு வேண்டுமாம் என்று சொன்னார்கள்.

திரும்பி வந்த மறுநாளே சைக்கிள் மணி. மச்சானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எத்தனை நாளாக வாசலில் நிற்க நியாயம் இல்லாமல் தவித்தாரோ. நான் பேணியை வாங்கி, முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பாலை முருங்கை அடியில் ஊற்றினேன். ஒவ்வொரு நாளும் அப்படியே. மெதுவாக ஊற்றினேன் என்பதைச் சொல்லவேண்டும். மச்சானின் நேரத்தில் நான் கை வைக்கவில்லை. காலையில் பால் ஊற்றிவிட்டு, அப்போதிக்கரி ஐயாவிடம் ஊசிக்குப் போவேன். தகரப் பெட்டியில் கண்ணாடி ஊசி கொதிக்கும் சத்தம் கேட்டாலே இடுப்புக்குக் கீழே கூசும். ஆனாலும் சோறு இறங்கியது. அயக்குலை மீன் குழம்பும் மாங்காய்ச் சம்பலும் தொண்டை வழியே நோகாமல் போன அந்த முதல் நாளில் நான் நான்கு முறை சோறு வாங்கினேன். உம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

மச்சானுக்குக் கண் முற்றத்தில். தண்டில் இருந்தவளுக்குக் கண் என் மேல். நான் ஊற்றுவதைக் கண்டுவிட்டாள். கண்டதை வைத்துக்கொள்கிற ஆளா அவள்?

அடுத்த நாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மாமியே வந்தார். கூட அவள். கையில் பித்தளைச் செம்பு நிறையப் பால். வாப்பா கடையிலிருந்து ஓடி வந்தார். உம்மா பாய் விரித்தார். மாமி உட்காரவில்லை. ராத்தா குசினி வாசல் சீலைக்குப் பின்னால். எனக்கு அவளுடைய கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.

"மச்சி, ஒங்கட மகனுக்கு எங்கட பால் புடிக்கலியாம்," என்று மாமி உம்மாவைப் பார்த்துச் சொன்னார். "மரத்துக்கு ஊத்துறானாம். எங்கட பாலக் கொட்டுற வீட்டுக்கு என்ட மகன எப்பிடி அனுப்புற? எனக்கு முன்னால குடிக்கட்டும், பாப்பம்."

பேணியில் ஊற்றி என் முன்னால் நீட்டினார்.

வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் எனக்குக் குடி என்றும் சொல்லமுடியாமல், குடிக்காதே என்றும் சொல்லமுடியாமல் நின்றார். ஒரு பேணிப் பால்தானே, ராத்தாவுக்காகக் குடித்துவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. பேணியை வாய்வரை கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து மாமிக்குப் பக்கத்தில் நின்றவள், தனக்கும் வேண்டும் என்று செம்பைத் தூக்கி வாயில் வைக்கப் போனாள்.

"குடியாத," என்றேன். "மாமி, காய்ச்சித் தாங்க, எவ்வளவு எண்டாலும் குடிக்கிறன். பச்சப் பால் குடிச்சுத்தான் எனக்குத் தொண்டையில கசம் வந்த."

பிள்ளை அறியாமல் கதைக்கிறான் என்று வாப்பா தொடங்கினார். அவருக்கே கேட்காத குரல் அது. மாமி அவரைப் பார்க்கவில்லை.

"எங்கட பாலா?"

"ஓம் மாமி. டாக்குத்தர் செல்லிட்டார். காய்ச்சினா ஒண்டும் இல்லியாம். ஊசி போட்டா மாறிருமாம். எனக்கு மாறிட்டு."

மாமி பேணியை என் கையிலிருந்து வாங்கி நிலத்தில் வைத்தார். பிறகு மகளை இழுத்து முன்னால் நிறுத்தி, கழுத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். எனக்கு இருந்ததைவிடப் பெரிய கட்டிகள். ஒன்று உடைந்து, மஞ்சள் தடவிய சீலைத் துண்டு ஒட்டியிருந்தது.

"மூணு மாசமா மூடி வெச்சிரிக்கன்," என்றார் மாமி. அந்த மனுசியின் குரல் தணிந்து நான் கேட்டது அன்றுதான். "நீங்க அறிஞ்சா இந்தக் கலியாணம் நிண்டுரும் எண்டு பயந்து."

அப்போது சீலைக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், அடக்க முடியவில்லை. அடுத்தது உம்மா. உம்மா சிரிக்கத் தொடங்கினால் கண்ணால் தண்ணீர் வரும். மாமி முதலில் முறைத்தார், பிறகு பாயில் தொப்பென்று உட்கார்ந்து அவரும் சிரித்தார். அழுகையும் அதில் இருந்தது. இரண்டு வீடும் ஒரே கட்டியை ஒன்றுக்கொன்று மறைத்துக்கொண்டு கிடந்திருக்கிறோம். வாப்பா மட்டும் சிரிக்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மருந்து இவளுக்கும் சரிவருமா?" என்று மாமி கேட்டார். வாப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"வரும். நான் கூட்டிப் போறன்," என்றேன்.

ராத்தா சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். மாமியார் ஆகப்போகிறவருக்கு முன்னால் முதல் முறையாக முகத்தைக் காட்டினாள். செம்பை எடுத்துப் போய் அடுப்பில் வைத்தாள். பால் பொங்கி வழிந்து சாம்பலில் விழுந்த வாசம் வீடெல்லாம் அடித்தது. அந்தப் பாலில் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். மாமி இரண்டு பேணி குடித்தார்.

சொன்னபடியே கூட்டிப் போனேன். மாமியும் மகளும் மட்டக்களப்புக்கு அதற்குமுன் போனதில்லை. எந்த பஸ், எங்கே இறங்குவது, எந்த வாட்டு, எந்த மிஸ்ஸி நல்லவர், எந்த மிஸ்ஸியின் கை கனம், எல்லாம் எனக்குத் தெரியும். பெரிய டாக்குத்தர் என்னைக் கண்டதும், ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீரோ என்றார். அவளுக்கும் அதே ஊசி, அதே குளிசை. மாட்டு டாக்குத்தர் வந்து பட்டியைப் பார்த்து, சில எருமைகளைப் பிரித்து ஒதுக்கினார். மாமி அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தானே போய், பாலைக் காய்ச்சாமல் யாராவது குடித்தால் இனிமேல் என் பட்டியில் பால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கசம் என்ற சொல்லை உரத்த குரலில் சொன்னார். அவர் சொன்னதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

சிறுபோகம் வெட்டினார்கள். மச்சானின் ஊர்வலம் மாலை வெயிலோடு எங்கள் தெருவுக்கு வந்தது. அண்ணாவியார் என்னை நடுவில் நிறுத்தினார். நான் வாயைத் திறந்தேன். தொண்டை மாறியிருந்தது, ஆனால் அதற்கிடையில் எனக்கு வயதும் வந்திருந்தது. முதல் அடி பிள்ளைக் குரலில் தொடங்கி ஆண் குரலில் போய் உடைந்தது. பொல்லடிக்காரர்கள் கம்பைத் தூக்கிய கையோடு சிரித்தார்கள். பெண்கள் உள்ளேயிருந்து குரவை போட்டு என் குரலை மூடிவிட்டார்கள். நான் விடவில்லை, உடைந்த குரலிலேயே பாட்டு முழுவதையும் பாடி முடித்துத்தான் மச்சானை வாசலுக்குள் விட்டேன்.

சைக்கிள் தண்டில் வந்தவள் இப்போது என் வீட்டில் இருக்கிறாள். நான்கு பெண்மக்களைப் பெற்று, பேரப்பிள்ளைகளுக்கும் பால் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இதை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டிருக்கும்போது தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, ஊசிக்கு அழுதவர் யார் என்பதையும் எழுதுங்க என்கிறாள். இரண்டு பேரும் அழுதோம். நான் சத்தமில்லாமல்.

இப்போது மருந்து ஆறு மாதத்துக்குத்தானாம். குளிசையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகலாம். அப்படியிருந்தும் சில வீடுகளில் பிள்ளையின் கழுத்தில் துணி சுற்றுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. வருகிற மாதம் மச்சானுக்கும் ராத்தாவுக்கும் கல்யாண நாள் என்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பெரிய விருந்து வைக்கிறார்கள். மச்சான் இப்போதிருந்தே போகிற இடமெல்லாம் தன் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் கதையில், இந்தப் பெண் இல்லாவிட்டால் எனக்கு வேறு பெண் வேண்டாம் என்று அவர் தன் உம்மாவிடம் ஒரே சொல்லாகச் சொன்னாராம், அதனால்தான் எல்லாம் நடந்ததாம். பேரப்பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். அந்தக் கதையில் நான் பால் குடித்துவிட்டுக் காய்ச்சலில் படுத்த சின்னப் பையன்.

கூட்டாளிமாரே, நீங்கள் எல்லோரும் அந்த விருந்துக்கு வருகிறீர்கள். மச்சான் எழும்பிக் கதைக்கும்போது பேசாமல் சோற்றுச் சஹனைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கேளுங்கள். கசம் வந்தது யாருடைய தொண்டையில்? நம் வாப்பாமார் சொல்லப் பயந்த சொல்லை மாமியின் முகத்துக்கு நேரே சொன்னது யார்? இரண்டு வீட்டுப் பயத்தையும் ஒரே வாயால் முடித்தது யார்? மச்சான் அந்த நேரம் வயலில் இருந்தார். அவர் செய்தது சைக்கிள் மிதித்தது. அது நல்ல வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்யாணத்தை நிறுத்தாமல் காத்தவன் நான். அதை என் பெயரோடு, அத்தனை பேருக்கும் கேட்க, மச்சான் தன் வாயாலேயே சொல்லவேண்டும். ராத்தா பக்கத்தில் இருந்து ஓம் என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகு சஹனைத் திறக்கட்டும்.